சத்தம் வராத கார்

என் அக்கா ஒரு குஷன் கடையில் வேலை பார்க்கிறாள். கார் சீட்டுக்கு உறை தைப்பது, தொங்கிப்போன கூரைத் துணியை மாற்றி ஒட்டுவது, ஸ்டியரிங்குக்குத் தோல் சுற்றுவது எல்லாம் அவள் வேலை. கடையில் அவள் ஒருத்திதான் பெண். சேர்ந்த புதிதில் சட்டைப் பொத்தான் தைக்க வந்தவள் என்று அவளைக் கேலி பேசியவர்கள், இப்போது கோணலாகத் தைத்துவிட்டு அவள் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்கள். அக்கா திட்டமாட்டாள். பிரித்துப் போடு என்று கையால் காட்டுவாள், அவ்வளவுதான். எங்கள் இருவரில் வாய் எனக்கு, பொறுமை அவளுக்கு என்று பங்கு பிரித்துத்தான் பிறந்தோம். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அக்காவுக்குக் கை வேகம். நீளம் என்று சொன்னால் வேறு அர்த்தமாகிவிடும்.

அவள் புருஷன், அதாவது என் மாமா, காய்கறி மொத்த மண்டியில் ஏலம் கூறுகிறவர். மண்டியில் அவருக்குப் பெயர் ‘மைக்’. மைக் இல்லாமலேயே கடைசி வரிசைக் கடை வரைக்கும் குரல் போகும் என்பதால் வந்த பெயர். விடியற்காலையில் ஏறி நின்று கத்த ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை ஓயமாட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் குரல் எங்கே போய் ஒளியுமோ தெரியாது. ஒரே வீட்டில் அவருடைய அண்ணன் குடும்பமும் இருந்தது. அண்ணன் இருக்கும் அறையில் மாமா வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. யாராவது மாமாவிடம் ஒன்று கேட்டால் பதில் அண்ணனிடமிருந்து வரும். “அவனுக்கு அதெல்லாம் பிடிக்காது”, “அவன் வருவான்”, “அவனுக்குப் பசிக்கலை”. பசிகூட அண்ணனைக் கேட்டுத்தான் வயிற்றுக்குள் வரவேண்டும். எனக்கு அந்த மனுஷரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். மாமா மட்டும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் பேசுகிற ஒரே இடம் அவர்களுடைய கார். கார் என்று பெருமையாகச் சொல்கிறேன். மூன்று பேர் கைமாறி வந்த பழைய வண்டி. கண்ணாடியை இறக்க இன்னும் கையால் கைப்பிடியைச் சுற்றவேண்டும். மாமாவுக்கு ஒரு கண்ணில் பார்வை மட்டம் என்பதால் அக்காதான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மண்டிக்கு விடுமுறை என்றால் இருவரும் கிளம்பி நெடுஞ்சாலையில் காரணமே இல்லாமல் போய்விட்டுத் திரும்புவார்கள். ஒருமுறை நானும் தொற்றிக்கொண்டு போனேன். ஊர் எல்லை தாண்டியதும் மாமா ஆரம்பித்தார். மண்டியில் யார் யாரை ஏமாற்றினான், அழுகின மூட்டையை யார் தலையில் கட்டினார்கள், பிள்ளை இல்லாதது தனக்கு எப்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, எல்லாமே. முகத்தைப் பார்க்காமல் எதிரே சாலையைப் பார்த்துப் பேசுவார். டீ குடிக்க வண்டியை நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும். உங்கள் குடித்தனம் வீட்டில் நடக்கவில்லை, நாலு சக்கரத்தில் நடக்கிறது என்று அக்காவைக் கேலி செய்தேன். ஆமாம் என்றாள் வெட்கமே இல்லாமல்.

மாமாவின் குரல் கரகரத்தபோது மண்டித் தூசு என்று நினைத்தோம். தூசுக்கு மருந்து சாப்பிட்டு நாள் போனது. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையில் கட்டி என்றார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள். சுருங்கியது மாதிரி இருந்துவிட்டுத் திரும்ப வந்தது. குரல்வளையையே மொத்தமாக எடுத்துவிட்டு, கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விடவைக்கவேண்டும் என்றார் டாக்டர். எடுத்தால் சில வருஷங்கள் இருக்க வாய்ப்புண்டு, எடுக்காவிட்டால் மாதக் கணக்குதான் என்று ஒளிக்காமல் சொன்னார். மாமா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். “செஞ்சிடுங்க டாக்டர், அவனுக்குச் சம்மதம்தான்” என்றார். மாமா திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா அப்போது அழுதுகொண்டிருந்ததால் அந்தப் பார்வையைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பயந்துபோய்ப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

அதற்குள் அவர் குரல் வெறும் காற்றாகியிருந்தது. உதடு அசையும், தொண்டைக்குள் ஏதோ உரசும். வீட்டில் ஒரு சொல் சொல்ல முயன்றால் போதும், அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் சுற்றி நின்றுகொண்டு “என்ன, என்ன” என்று மொய்ப்பார்கள். அவர் வாயை மூடிக்கொள்வார். எழுதிக் காட்டச் சொன்னால், அவருக்கு எண்கள்தான் எழுத வரும். எழுத்து எழுதினால் கோழிக் கிறுக்கல், எழுதியவருக்கே விளங்காது. காரில் மட்டும் விடாமல் பேசிக்கொண்டு வந்தார். ஆனால் அந்தப் பழைய வண்டியின் கண்ணாடி ஓரத்து ரப்பரெல்லாம் காய்ந்து வெடித்து, வேகம் பிடித்தால் நாலு கதவும் விசில் அடிக்கும். கதவுத் தகரம் தடதடக்கும். லாரி ஒன்று பக்கத்தில் போனால் அவ்வளவுதான்.

ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னாள்: “என்னமோ சொல்லிக்கிட்டே வர்றாருடி. பாதிகூடக் கேக்கலை. மறுபடி மறுபடி கேட்டா அவருக்கு வலிக்கும். அதனால எல்லாத்துக்கும் தலையாட்டிடறேன்.”

வண்டியை ஓரமாக நிறுத்திக் கேட்பதுதானே என்றேன். அதையும் செய்து பார்த்துவிட்டாளாம். நிறுத்தியதும் ஏன் நிறுத்தினாய் என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். ஓடுகிற வண்டியில் மட்டும் வாய் திறக்கிற மனுஷரை என்ன செய்வது? உடம்பு முடியாதவனை அலைக்காதே என்று அண்ணன் சொன்னதிலிருந்து சும்மா சுற்றப் போவதும் நின்றுவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் பரிசோதனைக்கென்று ஒரு நடையும், ஆபரேஷனுக்கே ஒரு நடையும்தான் பாக்கி. அதற்குப் பிறகு அந்தக் குரல் இல்லை. அதற்குள் அவர் சொல்வதைக் காது குளிரக் கேட்டுவிடவேண்டும் என்பதுதான் அக்காவின் தவிப்பு.

அப்படித்தான் அவள் அந்தக் காரின் கதவுகளைப் பிரித்தாள். கதவு வேலை குஷன் கடையில் செய்வதில்லை. அதற்குத் தனியாகக் கண்ணாடிக்காரர் இருக்கிறார். கேட்டதற்கு, இவ்வளவு பழைய வண்டிக்கு ரப்பர் தேடி நான் எங்கே அலைவது என்று கைவிரித்துவிட்டார். அக்கா தானே அலைந்தாள். பழைய வண்டிகளை உடைக்கிற தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, வேறு மாடலின் கதவு பீடிங் ரப்பரை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து வாங்கினாள். கடை முதலாளி விடுமுறை நாளில் ஷெட்டைத் திறந்துவிட்டார். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள். விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டத் தெரியும், அதுதான் என் தகுதி.

கண்ணாடிக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணியைக் கொடுத்து இப்படியும் அப்படியும் இழுத்தாள். உள்ளே இருந்த கிளிப் துள்ளிக்கொண்டு வந்தது. கைவைக்கும் பகுதியின் திருகுகளைக் கழற்றி, உள்பக்கப் பலகையை நெம்பி எடுத்தாள். உள்ளே கதவு ஒரு காலி டப்பா. விரலால் சுண்டினால் டண் என்றது. துரு, மண், யாரோ எப்போதோ தவறவிட்ட தலைவாரும் சீப்பு. எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு, பின்பக்கம் தார் பூசிய ஷீட்டை வெட்டித் தகரத்தின் உள்பக்கம் ஒட்டினாள். முடி உலர்த்துகிற மெஷினால் சூடு காட்டி, ஒரு கண்ணாடி பாட்டிலை உருட்டி உருட்டி அழுத்தினாள். நான் மறுபக்கம் தாங்கிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் சுண்டினால் டண் போய் டப் என்றது. அக்கா எனக்குச் சுண்டிக் காட்டினாள், அவளே ஒருமுறை சுண்டினாள், மறுபடியும் சுண்டினாள்.

பிறகு கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்துக்குப் புது ரப்பர். எண்ணெய் போடாமல் சோப்புத் தண்ணீர் தொட்டு, கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாகத் தள்ளினாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தாள். கடைசியாகக் கதவைச் சுற்றி பீடிங். ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுப்பாள். காகிதம் சுலபமாக வந்தால் அங்கே ரப்பர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கிழிந்தால் சரி. நாலு கதவையும் சுற்றிக் காகிதம் கிழிந்துகொண்டே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அத்தனை நாளில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் குஷன் கடைக்காரிக்கே உரிய தப்பு ஒன்றை அவள் செய்திருந்தாள். கதவின் அடி ஓரத்தில் சின்னச் சின்ன நீள ஓட்டைகள் இருந்தன. எங்கே ஓட்டை கண்டாலும் அடைப்பதுதான் அவள் வேலை. அவற்றின் மேலும் ஷீட்டை இழுத்து ஒட்டி, பாட்டிலை உருட்டிவிட்டாள். கண்ணாடி வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், இறங்கியது வெளியே போகத்தான் அந்த ஓட்டைகள் என்பது சீட்டிலேயே காலம் தள்ளியவளுக்குத் தெரியவில்லை. பரிசோதனைக்குப் போவதற்கு முந்தின நாள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வண்டி தெருவில்தான் நின்றது.

மறுநாள் கிளம்பி முதல் வளைவில் திரும்பியதும் கதவுக்குள் சளக் என்றது. பிரேக் போட்டால் முன்னால் சளக், வண்டி எடுத்தால் பின்னால் சளக். நாலு குடம் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. மாமா கதவில் காதை வைத்துக் கேட்டார். பிறகு தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். அக்காவும் வேறு வழியில்லாமல் சிரித்தாள். நெடுஞ்சாலையில் மாமா எதையோ சொல்ல ஆரம்பித்தார். நீளமாக, விரலை ஆட்டி, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல. நான் பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து பார்த்தேன். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. அக்கா தலையாட்டினாள். அவர் நிம்மதியாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் அவள் ஸ்க்ரூ டிரைவரால் கதவின் அடியில் குத்தினாள். துருத் தண்ணீர் அவள் செருப்பு நனைய ஊற்றியது. பக்கத்து வண்டிக்காரர் வேடிக்கை பார்த்தார். அவள் அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டாள். “ஒரு நடையை வீணாக்கிட்டேன்டி” என்றாள். வீணானது ஒரு நடைதான், இன்னொன்று இருக்கிறது என்று நான் ஏதோ சொன்னேன். ஆறுதல் சொல்ல எனக்கு எப்போதுமே வராது.

ஊர் திரும்பியதும் நாலு கதவையும் மறுபடி பிரித்தாள். அடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்து, ஓட்டை ஒவ்வொன்றையும் ஆணியால் குத்தித் திறந்தாள். வாளித் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றி, அது கீழே ஒழுகுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். வேலைக்குப் போய்விட்டு வந்து இதைச் செய்தாள். அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, தம்பி சாகக்கிடக்கும்போது இவளுக்குக் கார் சிங்காரிக்கத் தோன்றுகிறது என்றார். நான் கேட்ட கேள்வியில் அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. எனக்கு நஷ்டமில்லை.

ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகிற நாள். அண்ணன் முன்கூட்டியே பஸ்ஸில் போய்விட்டார். அக்கா ஓட்டினாள், மாமா பக்கத்தில், நான் பின்னால் பையும் பிளாஸ்கும் மடியில் வைத்துக்கொண்டு. ஊர் தாண்டி வேகம் எடுத்தது. விசில் இல்லை, தடதடப்பு இல்லை, சளக் இல்லை. எதிரே லாரி வந்தது, போனது. வாயை மூடிக்கொண்டு போனதுபோல இருந்தது. மாமா மூச்சு விடுவது எனக்குப் பின்சீட்டில் கேட்டது.

மாமா கதவைத் தட்டிப் பார்த்தார். “பரவாயில்லையே. சுத்தமா பண்ணியிருக்கே” என்றார்.

குரலில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அக்கா சாலையைப் பார்த்தபடியே உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மாமா பேசினார். தான் இல்லாமல் மண்டியில் இப்போது ஏலம் கூறுகிற பையன் மூக்கால் கத்துகிறானாம், அவன் வாயால் பூசணி என்று சொன்னால் வாங்குகிறவனுக்கே வாங்கத் தோன்றாதாம். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பதிலுக்கு அவள் ஏதோ கேட்டாள், அவர் சொன்னார், அவள் மறுபடி கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். புருஷன் பெண்டாட்டி பேசுவதை ஒட்டுக்கேட்கிற கூச்சம். ஆனால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த ஒரு நடைக்காகத்தானே அத்தனையும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய ஊரின் முதல் கட்டிடங்கள் தெரிய ஆரம்பித்தபோது மாமா சொன்னார்: “அங்க போனதும் மொதல்ல டாக்டர்கிட்ட சொல்லிடு. அண்ணன் வாயைத் திறக்கறதுக்குள்ள சொல்லிடு.”

“என்ன சொல்லணும்?” என்று கேட்டாள் அக்கா, முந்தின சிரிப்பு இன்னும் போகாமல்.

“அதான், ஆபரேஷன் வேணாம்னு. எத்தனை தடவை சொன்னேன். நான் சொல்லிடறேன்னு நீயும்தானே தலையாட்டினே. போன தடவையே நீ சொல்லுவேன்னு பார்த்தேன். எனக்கு அவங்க முன்னாடி வாய் வராது.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “இருக்கற வரைக்கும் இப்படியே பேசிக்கிட்டு இருந்துட்டுப் போறேன். எனக்கு அது போதும்.”

விரலை ஆட்டித் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தானா? அன்று டாக்டர் அறையில் அக்காவைத் திரும்பிப் பார்த்தது இதற்குத்தானா? இவளும் ஒவ்வொரு முறையும் சரி சரி என்று ஆட்டியிருக்கிறாள். அந்தத் தலையாட்டலை நம்பி அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஸ்டியரிங்கில் அக்காவின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. வண்டி ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மாதக் கணக்கு, வருஷக் கணக்கு என்று டாக்டர் சொன்னதைத்தான் அவள் நினைத்திருப்பாள். வேறு எதை நினைப்பாள்? பிள்ளை குட்டி இல்லை, அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அவர் ஒருவர்தான்.

“என்னங்க?” என்றாள். “கேக்கலை.”

மாமா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். ஓடுகிற வண்டியில் அவர் அவள் முகத்தைப் பார்த்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான். நானே அவருக்குப் பதிலாகக் கத்திச் சொல்லியிருக்கலாம். ஊர் வம்புக்கெல்லாம் முன்னால் நிற்கிற என் வாய் அப்போது ஒட்டிக்கொண்டது. அவர் மறுபடி சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. மெதுவாகக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். புது ரப்பர் இறுக்கமாக இருந்ததால் இரண்டு கையாலும் சுற்றவேண்டியிருந்தது. கண்ணாடி முழுக்க இறங்கியது. காற்றும் ஹாரனும் லாரி இரைச்சலும் உள்ளே புகுந்து, பை மேலிருந்த துண்டு பறந்து என் முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை அப்படியேதான் போனோம். அங்கே அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். அதற்குப் பிறகு அந்தக் கழுத்துத் துளைக்குள் தூசு போகக்கூடாது என்பதால் காரில் கண்ணாடியை இறக்கவே கூடாது என்று கண்டிப்பு. அக்கா செய்த வேலை கடைசியில் அதற்குத்தான் உதவியது. மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சத்தம் வராத வண்டிக்குள் துளை வழியாக அவர் மூச்சு விடுவது மட்டும் போக வரக் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் இரண்டு நடைக்குமேல் போகவில்லை. என்னால் முடியவில்லை. வருஷங்கள் என்றார்களே, அதுவும் கிடைக்கவில்லை. நோய் நுரையீரலுக்கு இறங்கி, அடுத்த மழைக்கு அவர் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று மாமா தன்னிடம் சொன்னதாக அண்ணன் ஊருக்கெல்லாம் சொன்னார். அக்கா மறுக்கவில்லை. எனக்கு நாக்கு துடித்தது, ஆனால் அது என் வாயால் சொல்லவேண்டியது இல்லை என்று அடக்கிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் அடக்கிய பேச்சு அது ஒன்றுதான்.

போன வாரம் குஷன் கடைக்குப் போயிருந்தேன். அக்கா ஒரு சீட் உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, நிமிராமலே கேட்டாள்: “அன்னைக்கு உனக்குக் கேட்டுச்சா?”

கேட்டது என்றேன். பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை.

“எனக்கும்தான்” என்றாள். துணியைத் திருப்பி வைத்தாள், ஊசிக்குக் கீழே சரி பார்த்தாள், ஆனால் மெஷினை மிதிக்கவில்லை. “எனக்குக் கேட்டுச்சுன்னு அவருக்கும் தெரியும்டி. அதனாலதான் கண்ணாடியை இறக்கினார். காத்து அடிச்சா நான் கேக்கலைன்னு சொன்னது நிஜமாயிடும்ல.”